கல்லுக்கு முன் கணக்கு வேண்டும்

2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 1 ஆந் திகதி மண்டைதீவில் ஒரு கல் நாட்டப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கெனச் சர்வதேசத் துடுப்பாட்ட அரங்கொன்று அங்கே எழும்பும் என்று கூறி, சனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்கள் அதன் வேலையைத் தொடக்கி வைத்தார்கள். 40,000 பேர் இருந்து பார்க்கத்தக்க அரங்கு, அதற்கு 48 ஏக்கர் நிலம், அதனையும் உள்ளடக்கி 138 ஏக்கரில் ஒரு விளையாட்டு நகரம் என்று திட்டத்தின் அளவு அறிவிக்கப்பட்டது. கேட்போர் நெஞ்சு பூரிக்கத்தக்க அறிவிப்புத்தான். ஆயினும் விழாவின் ஆரவாரத்தில் எளிதில் அமிழ்ந்து போகக்கூடிய மூன்று கேள்விகள் உள. இவ்வளவு பெரிய அரங்கு எதற்காக? அதற்கு முழுவதுமாகச் செலவாகும் பணம் எவ்வளவு? கட்டி முடித்த பின் ஆண்டாண்டு தோறும் அதனைக் காப்பாற்றப் போகின்றவர் யார்? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை பெறும் உரிமை வடபகுதி மக்களுக்கு உண்டு என்பதே இன்று நாம் வற்புறுத்த விரும்புவது.

நாம் விளையாட்டுக்குப் பகைவரல்லர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 ஆம் ஆண்டு முதலாக மோதி வருகின்ற வடக்கின் பெரும் போரைக் காணாத யாழ்ப்பாணத்தவர் எத்தனை பேர்? போரும் இடப்பெயர்வும் எத்தனையோ ஆண்டுகளைத் தின்ற போதிலும், நம் சிறுவர்கள் ஒழுங்கைகளிலும் வயல் வரம்புகளிலும் மட்டையும் பந்துமாகவே வளர்ந்தார்கள். மத்திய கல்லூரியின் மாணவராயிருந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 ஆம் ஆண்டில் இந்திய பிரீமியர் லீக்கில் ஐதராபாத் அணிக்காகப் பந்து வீசினார். திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் வசதிக்கே. இலங்கை 1982 ஆம் ஆண்டில் தனது முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. அன்று தொட்டுக் கொழும்பும் கண்டியும் காலியும் தம்புள்ளையும் கண்ட சர்வதேச ஆட்டங்களில் ஒன்றுகூட வடமாகாணத்துக்குக் கிட்டவில்லை. இது அநீதி. இந்த அநீதி தீர வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால், அரங்கு வேண்டும் என்பது ஒன்று. எவ்வளவு பெரிய அரங்கு, என்ன விலைக்கு என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆம் என்று சொல்லிவிட்டோம் என்பதற்காக இரண்டாவதைக் கேளாமல் இருந்துவிட முடியாது. குடியிருக்க வீடு வேண்டும் என்பது நியாயமான ஆசை. அந்த ஆசையைக் காட்டி அரண்மனைக்குக் கடன்பத்திரம் எழுதி வாங்கினால், ஆசைப்பட்டவன் வீதிக்குத்தான் வருவான். விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது கருமித்தனத்தால் அன்று, கணக்கு அறிந்ததனால்.

அரங்கொன்றின் செலவைப் பற்றிப் பேசுவோர் கட்டடத்தின் விலையையே பெரும்பாலும் பேசுகின்றனர். உண்மையில் செலவைத் தீர்மானிப்பது அதன் அளவு. ஆசனங்கள் இரட்டிப்பானால் அவற்றைத் தாங்கும் தூண்களும், ஏறும் படிகளும், கழிப்பிடங்களும், வாகனத் தரிப்பிடமும், சனங்கள் வந்து போகும் வீதியும் கூடவே பெருக வேண்டும். வேலை முடிந்த பின்னரும் செலவு முடிவதில்லை. ஒருவரும் அமராத ஆசனமும் வெயிலில் வெடிக்கும். ஒருவரும் ஏறாத படியிலும் பாசி பிடிக்கும். உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் இரும்பு எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கும் என்பதைத் தீவுப்பகுதியில் வீடு கட்டிய எவரும் சொல்வர். ஆடுகளத்துப் புல் ஆட்டம் நடக்கும் நாளில் மட்டும் தண்ணீர் கேட்பதில்லை. ஆண்டுக்குப் பத்து நாட்கள் சர்வதேச ஆட்டம் கிடைத்தால் அதுவே பெரும்பேறு. எஞ்சிய 355 நாட்களுக்கும் வாயிற்காவலனுக்குச் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும். கமக்காரருக்கு இது புதிதன்று. உழவு இயந்திரத்தை வாங்கும் காசு ஒன்று, அதற்கு எண்ணெய் ஊற்றிப் பழுது பார்க்கும் காசு வேறு என்பதும், பின்னதே மனிதனைக் கடனாளியாக்குவது என்பதும் அவருக்கு நன்றாய்த் தெரியும்.

இதற்குச் சாட்சி தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவ என்னும் ஊரில், 2011 ஆம் ஆண்டு உலகக்கிண்ணப் போட்டிகளுக்கென 35,000 பேருக்கான அரங்கொன்று கட்டப்பட்டது. அப்போதைய சனாதிபதியின் சொந்த மாவட்டம் அது. பட்டினத்திலிருந்து விலகி, சனத்தொகை குறைந்த வறண்ட நிலத்தில் அது எழுந்தது. அந்த உலகக்கிண்ணத்தில் அங்கே நடந்த ஆட்டங்கள் இரண்டு. அதன் பின்னரும் ஒரு டெஸ்ட் ஆட்டத்தை அந்த அரங்கு கண்டதில்லை. 2015 ஆம் ஆண்டு ஜூலை மாதத்துக்கும் 2017 ஆம் ஆண்டு ஜூலை மாதத்துக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஒரு சர்வதேச ஆட்டமேனும் அங்கு நடைபெறவில்லை. சூரியவெவையையும் பல்லேகலையையும் கட்டி, கொழும்பு பிரேமதாச அரங்கையும் புதுப்பித்த பெருஞ்செலவினால், நாட்டின் துடுப்பாட்ட நிருவாகமான ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிறுவனம் கடனில் மூழ்கியது. அதே உலகக்கிண்ணத்தில் இறுதி ஆட்டம் வரை சென்ற வீரர்களுக்குச் சேரவேண்டிய ஊதியம் மாதக்கணக்கில் நிலுவையாய்க் கிடந்தது. அரங்கு எழும்பிற்று, ஆடியவன் கூலிக்குக் காத்து நின்றான். இதைவிடத் தெளிவான பாடம் வேறு என்ன வேண்டும்?

“இது திறைசேரியின் பணமன்று, துடுப்பாட்ட நிறுவனம் ஈட்டும் பணம். மக்களுக்கு இதில் என்ன நட்டம்?” என்று கேட்போர் உளர். கேள்வி கேட்கின்றவர்களை வாயடைக்க இஃது ஒரு வசதியான வாதம். அந்நிறுவனத்துக்குச் சர்வதேசக் கவுன்சிலிலிருந்தும் ஒளிபரப்பு உரிமையிலிருந்தும் வருமானம் வருகின்றது என்பது மெய். ஆனால் அந்த வருமானம் நாட்டின் பெயரால் ஆடும் அணியினால் வருவது. அது நாட்டின் பாடசாலைகளுக்கும் கழகங்களுக்கும் உரிய பொருள். மேலும், அரங்கு எழும்பும் நிலமும், அங்கே செல்லும் வீதியும், பாலமும், மின்சாரமும், குழாய் நீரும், ஆட்ட நாளில் நிற்கும் பொலிசாரும் பொதுப் பணத்தாலன்றி வேறெதனால் வருகின்றன? கட்டடத்தின் விலையை ஒரு கணக்கிலும், அதற்கு உயிர் கொடுக்கும் வசதிகளின் விலையை ஒன்பது திணைக்களங்களின் ஒன்பது கணக்குகளிலும் பிரித்து எழுதினால், மொத்தச் செலவு எவர் கண்ணிலும் படாது போகும். படாது போவதனால் அது இல்லாமற் போய்விடுவதில்லை.

அளவுக்கு மீறிய திட்டத்தைத் தடுத்து நிறுத்திய முன்மாதிரியும் இந்நாட்டிலேயே உண்டு. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில், கொழும்புக்கு அருகே ஹோமாகமையில் 60,000 பேருக்கான அரங்கொன்று கட்டப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு மூன்று கோடி முதல் நான்கு கோடி வரையான அமெரிக்க டொலர் செலவாகும் என்று பேசப்பட்டது. கொரோனா நோயினால் நாடு முடங்கிக் கிடந்த காலம் அது. இருக்கின்ற அரங்குகளிலேயே போதிய ஆட்டங்கள் நடப்பதில்லையே, இன்னொன்று எதற்கு என்று முன்னாள் அணித்தலைவர் மஹேல ஜயவர்தன பகிரங்கமாகக் கேட்டார். வேறு வீரர்களும் அவ்வாறே கேட்டனர். அப்போதைய பிரதமர் மகிந்த ராஜபக்ச முன்னாள் அணித்தலைவர்களை அழைத்துப் பேசினார். திட்டம் கைவிடப்பட்டது. பாடசாலைத் துடுப்பாட்டத்தின் வசதிகளைப் பெருக்குவதே முதற் கடமை என்ற கருத்து அங்கே மேலோங்கியது. இரண்டு ஆண்டுகளுள், 2022 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று இதே நாடு கைவிரித்ததை நினைக்கும்போது, அன்று கேட்கப்பட்ட கேள்வியின் பெறுமதி விளங்கும். கேட்டவர்கள் விளையாட்டின் துரோகிகளல்லர். விளையாட்டினாலேயே பெயர் பெற்றவர்கள் அவர்கள்.

செல்வந்த நாடுகளின் வரலாறும் இதனையே கூறுகின்றது. கனடாவின் மொன்றியல் நகரம் 1976 ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளை நடத்தியது. போட்டிகள் அனைத்துக்கும் 31 கோடி டொலர் போதும் என்று 1973 ஆம் ஆண்டில் நகரபிதா கணக்குக் காட்டினார். பிரதான அரங்கும் அதனைச் சார்ந்த கட்டடங்களும் மட்டுமே முடிவில் 100 கோடி டொலரைத் தாண்டி விழுங்கின. போட்டி தொடங்கிய நாளில் அரங்கின் கோபுரம் அரைகுறையாய் நின்றது. அக்கடனைத் தீர்ப்பதற்கென கியூபெக் மாகாணத்தில் புகையிலை மீது விசேட வரி விதிக்கப்பட்டது. கடன் முற்றாகத் தீர்ந்தது 2006 ஆம் ஆண்டில். இரண்டு வாரத்து விளையாட்டுக்கு முப்பது ஆண்டுக் கடன்! புகையிலை பயிரிட்டு வாழும் நம் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் இக்கதையைச் சற்று ஊன்றிக் கவனிக்கட்டும். அரங்கின் கடன் எந்த வாசலால் வந்து எவன் பையில் கை வைக்கும் என்பது கல் நாட்டும் நாளில் எவருக்கும் தெரியாது.

ஜப்பான் வேறொரு பாடத்தைத் தருகின்றது. 2020 ஒலிம்பிக்குக்கெனத் தோக்கியோவில் தேசிய அரங்கைக் கட்ட 13,000 கோடி யென் போதும் என்று முதலில் மதிக்கப்பட்டது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சாஹா ஹடிட் வரைந்த திட்டத்தின் செலவு 25,200 கோடி யென்னாக ஏறிற்று. மக்கள் முணுமுணுக்கவில்லை, வாய்விட்டுக் கேட்டார்கள். 2015 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிரதமர் அபே அத்திட்டத்தைக் கிழித்தெறிந்து, புதிதாகத் தொடங்குமாறு பணித்தார். ஏறத்தாழ 15,700 கோடி யென் செலவில் வேறொரு அரங்கு 2019 ஆம் ஆண்டு முடிவில் எழுந்து நின்றது. உலகின் முன்னணிச் செல்வ நாடொன்றின் பிரதமரே, செலவு மிகுந்தது என்று பின்வாங்குவதை மானக்கேடாகக் கருதவில்லை. கடன்பட்ட நாட்டின் ஆட்சியாளருக்கு அந்த விவேகம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

அரங்கு வந்தால் ஊரே செழிக்கும், கடைகள் பெருகும், வேலைகள் குவியும் என்பது எங்கும் சொல்லப்படும் ஆசைவார்த்தை. இதனை அமெரிக்கப் பொருளியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளனர். ரொஜர் நோல், அன்ட்ரூ சிம்பலிஸ்ட் ஆகிய இருவரும் 1997 ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்ட ஆய்வு நூல் அவற்றுள் பெயர் பெற்றது. பொதுப்பணத்தில் எழுந்த அரங்குகள் அவை இருக்கும் ஊரின் வருமானத்தைச் சொல்லும்படியாகப் பெருக்கவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. காரணம் எளிது. ஆட்டம் பார்க்கச் செலவிடும் ரூபா வேறெங்கோ செலவாகவிருந்த ரூபாவே. கட்டட வேலையிற் கிடைக்கும் கூலி கட்டடம் முடிந்தவுடன் முடிந்துவிடும். ஆட்ட நாளில் விற்கும் சோடாவும் கச்சானும் ஆண்டு முழுவதும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றா. ஆகவே, அரங்கு வேண்டுமென்றால் விளையாட்டுக்காக வேண்டும் என்று நேரே சொல்வோம். பொருளாதாரம் என்ற போர்வையை அதற்குப் போர்த்த வேண்டாம்.

இனி மண்டைதீவின் நிலைமைக்கு வருவோம். யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 6 இலட்சம். 40,000 ஆசனம் என்றால், கைக்குழந்தை முதற் கிழவர் வரை மாவட்டத்திலுள்ள பதினைந்து பேருக்கு ஓர் ஆசனம் ஆகின்றது. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து அங்கே செல்வதற்கு வழி பண்ணைத் தாம்போதி. வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும் வாழ்வோர் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் சந்தைக்கும் வருகின்ற வழியும் அதுவே. ஆட்ட நாளில் பல்லாயிரம் பேர் அந்தத் தாம்போதியிற் குவிந்தால், பிரசவ வேதனையோடு தீவிலிருந்து வரும் தாய்க்கு யார் வழி விடுவது?

தண்ணீரின் நிலை இன்னும் கவலைக்குரியது. தீவுகளின் நன்னீர் உவர் நீரின் மேல் மெல்லிய படையாக நிற்பது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். ஒரு முறை உவர்த்தால் எளிதில் மீளாது. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு வரும் யோசனை கிளிநொச்சிக் கமக்காரரின் எதிர்ப்பினால் நின்றதையும், அதற்கு மாற்றாகத் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் திறக்கப்பட்டதையும் வாசகர்கள் அறிவார்கள். குடிப்பதற்கே கடல்நீரை நன்னீராக்குகின்ற நிலைக்கு வந்துவிட்ட குடாநாட்டில், பல ஏக்கர் புல்லுக்கு நீர் எங்கிருந்து வரும் என்று கேட்பது குதர்க்கமா? தாழ்ந்த அந்நிலத்தையும், கண்டற்காட்டையும், பரவைக்கடலில் மீன் பெருகும் இடங்களையும் பற்றிச் சூழலியலாளர் எழுப்பிய ஆட்சேபங்களும் விடை வேண்டி நிற்பவையே. அங்கே களங்கண்ணி வலை கட்டி வாழும் கடற்றொழிலாளிக்கு அந்தக் கடலே வயல். வயலை அழித்துக் களரி கட்டுவதை எந்தக் கமக்காரரும் ஒப்பார்.

இத்தகைய கேள்விகளையெல்லாம் கேட்பதற்கென்றே மக்கள் தெரிவு செய்த சபை ஒன்று இருந்திருக்க வேண்டும். வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் முடிந்தது. அதன் பின், மண்டைதீவிலே கல் நாட்டப்பட்ட நாள் வரையில், அதற்குத் தேர்தல் நடத்தப்படவில்லை. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் மக்களின் பிரதிநிதிகள் இல்லாத மாகாணத்தில், மாகாணத்தின் முகத்தையே மாற்றத்தக்க திட்டமொன்றின் இடமும் அளவும் தீர்மானிக்கப்பட்டன. அரசியல் உரிமை வேறு, அரங்கின் செலவு வேறு என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்ற தீர்மானம் எவர் கையில் இருக்கின்றதோ, பாடசாலை மைதானத்துக்கும் குளத்துக்கட்டுக்கும் எவ்வளவு எஞ்சும் என்ற தீர்மானமும் அவர் கையிலேயே இருக்கின்றது. சபை இல்லாத இடத்தில் மக்கள் வாங்குபவராகவே நிற்பர், தீர்மானிப்பவராக நிற்கமாட்டார்.

“பல்லாண்டு காலம் தராதவர்கள் இன்று தருகின்றார்கள். கேள்வி கேட்டுக் கெடுத்துவிடாதீர்கள்” என்று நம்மவரிற் சிலர் அச்சத்தோடு சொல்கின்றனர். அவர்களின் அச்சம் நமக்கு விளங்காமல் இல்லை. முன்பும் எத்தனையோ திட்டங்கள் வடக்கின் வாசல் வரை வந்து திரும்பியதுண்டு. ஆனால் தருமம் வாங்குகின்றவன்தான் தட்டில் விழுந்ததைப் பார்க்காது மடியிற் கட்டிக்கொள்வான். உரிமை பெறுகின்றவன் எண்ணிப் பார்த்தே பெறுவான். எண்ணிப் பாராது பெற்ற அரங்கு நாளை பாழடைந்து கிடந்தால், “வடக்குக்குக் கொடுத்தோம், அவர்களுக்கு அதை நடத்தத் தெரியவில்லை” என்ற பழிச்சொல்லும் நம் தலையிலேயே விழும். அந்தப் பழிக்கு இடம் வையாதிருப்பதும் நம் கடமை.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவதாக, வீதி, நீர், மின்சாரம் உட்பட முழுச் செலவின் மதிப்பீடும், அப்பணம் வரும் வழியும், இருபது ஆண்டுப் பராமரிப்புச் செலவும் தமிழில் அச்சிடப்பட்டு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, சூழல் பற்றிய ஆய்வறிக்கையும் அவ்வாறே வெளியாகி, தீவு மக்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் கருத்துரைக்கக் காலம் கொடுக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, அரங்கைப் படிப்படியாகக் கட்ட வேண்டும். தரமான ஆடுகளமும், வீரர்க்கான மண்டபமும், 8,000 அல்லது 10,000 பேருக்கான ஆசனமும், சுற்றிலும் புல்மேடையும் முதலில் போதும். கூட்டம் நிரம்பி வழிந்து, மேலும் வேண்டும் என்று மக்கள் கேட்கும் நாளில் அடுத்த படியை எழுப்பலாம். நான்காவதாக, ஆண்டுக்கு இத்தனை சர்வதேச ஆட்டங்களும் இத்தனை உள்ளூர் ஆட்டங்களும் இங்கே நடத்தப்படும் என்று துடுப்பாட்ட நிறுவனம் எழுத்தில் உறுதி தர வேண்டும். ஐந்தாவதாக, அரங்குக்குச் செலவிடும் ஒவ்வொரு பத்து ரூபாவுக்கும் குறைந்தது மூன்று ரூபா வடக்கின் பாடசாலை மைதானங்களுக்கும் பயிற்றுநர்க்கும் ஒதுக்கப்பட வேண்டும். முல்லைத்தீவுச் சிறுவனும் மன்னார்ச் சிறுமியும் மண்டைதீவின் ஆசனத்தில் அமர்ந்து கை தட்டினால் மட்டும் போதாது. அவர்கள் களத்தில் இறங்கி ஆட வேண்டும்.

இவற்றுள் எதுவும் செய்ய இயலாதது அன்று. எதுவும் திட்டத்தைக் கொல்வதற்கு அன்று. கணக்குக்கு அஞ்சாத திட்டம் கேள்விக்கும் அஞ்சாது. 2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் திட்வா புயல் நாட்டைச் சூறையாடிச் சென்ற பின், இடிந்த பாலங்களும் உடைந்த குளங்களும் ஒவ்வொரு ரூபாவுக்கும் போட்டியிட்டு நின்றன. அத்தகைய நாட்டில் கணக்குக் கேட்பது குறை கூறுவதாகாது. அது குடிமக்களின் முதற் கடமை. நமது டாக்டர்களும் எஞ்சினியர்களும் கணக்காளர்களும் சட்டத்தரணிகளும் தத்தம் அறிவை இக்கேள்விகளுக்கு உதவுவார்களாக. நிலத்தையும் நீரையும் பட்டறிந்த கமக்காரர் தம் குரலைச் சேர்ப்பார்களாக. வடக்குக்கு அரங்கு வரட்டும். நம் பிள்ளைகள் நிரப்பக்கூடிய அரங்காக, நம் கிணறுகள் தாங்கக்கூடிய அரங்காக, நம் பேரப்பிள்ளைகள் கடன் கட்ட வேண்டாத அரங்காக அது வரட்டும்.